வியாழக்கிழமைப் பால்

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் அண்ணன்தான் எடுத்தார். "உங்க அண்ணி தைச்சிட்டிருக்கா." "குளிச்சிட்டிருக்கா." "நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கா." நான்காவது முறை அவருக்கே சலித்துவிட்டது. "என்னம்மா, இந்தத் தடவை நீயே ஒரு காரணம் சொல்லேன், நான் சொன்னதா வெச்சுக்கோ" என்றார். அதனால் எழுதுகிறேன். முப்பத்தைந்து வருடமாகத் தபாலாபீஸில் தபால் பிரிக்கிற மனிதர் இருக்கும் வீட்டுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி 9 அன்று பித்தப்பைக் கல்லுக்காக அண்ணனை மேசையில் படுக்கவைத்தார்கள். மயக்க மருந்து ஏறிய ஒரு நிமிடத்தில், காலை ஐந்து மணிக்கு அவர் குடித்திருந்த பால் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கியது. ஆபரேஷனை நிறுத்தினார்கள். நான்கு நாள் செயற்கைச் சுவாசம், மொத்தம் பதினொரு நாள் படுக்கை. நுரையீரல் தேறிவிட்டது. கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை அது பித்தக் குழாயில் போய் அடைத்துக்கொண்டால், நாள் பார்த்துச் செய்கிற ஆபரேஷனாக இருக்காது. அவசரத்தில் செய்வதாக இருக்கும். அதை நான் விரும்பவில்லை.

சர்ஜனிடம் பேசிவிட்டேன். மார்ச் 20, காலை எட்டு மணி. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே செய்வது நல்லது. ஒருமுறை நுரையீரல் கெட்டவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்திலேயே இருக்க வேண்டும். அண்ணனிடம் சொன்னேன். "உங்க அண்ணி சொன்னா வர்றேன்" என்கிறார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பேசியது கோபத்தில் பேசியது. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதில் எழுதுங்கள். அல்லது போனை எடுங்கள்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 11

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் பையிலிருந்து எடுத்து, அலுவலகத்தில் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். "பதிவுத் தபால் இல்ல, கையெழுத்து வேண்டாம்" என்றார். கடிதம் என்றால் அவர் கொண்டுவந்து கொடுப்பார், அவரிடம் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

அவர் இதைப் படிக்க மாட்டார். மற்றவர் தபாலைத் திறந்து படிப்பது அவருக்குப் பாவம். ஆகவே கொஞ்சம் தாராளமாகவே எழுதுகிறேன்.

பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறிதாக எடுத்துக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள். நீங்கள் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். நிறையப் பேரிடம் பேசுகிற வேலை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பாலைக் குடிச்சிட்டு விரதம்னு சொல்லிக்கிற வீடுதானே இது. ஒரு நாளாவது ஒழுங்கா பட்டினி கிடந்திருந்தா பட்டினின்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும்." உங்கள் சித்தி இருந்தார். சித்தியின் இரண்டு மருமகள்களும் இருந்தார்கள். ஒரு நர்ஸ் இருந்தாள், அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே அவர் குழாய் வைத்துக் கிடந்தார்.

சித்தி அதன்பிறகு என்னை எப்படிச் சொல்கிறார் தெரியுமா? "இருக்கும்போதே பால் ஊத்தப் பார்த்தவ." போன வாரம் ஒரு கல்யாணத்தில் என் காதிலேயே விழுந்தது. நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் கொடுத்தது பால். அது உண்மை. அன்று வியாழக்கிழமை. வியாழனில் நான் காலையில் ஒரு டம்ளர் பால், சாயங்காலம் ஒரு டம்ளர் பால், வேறெதுவும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் வருடத்திலிருந்து அப்படி. ஆஸ்பத்திரியில் "ராத்திரிக்கு மேல வயிறு சும்மா இருக்கணும்" என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்த சும்மா அதுதான். என் டம்ளரிலிருந்து பாதியை அவருக்கு ஊற்றினேன்.

இப்போது அவருக்கு மாத்திரைகூட என் கையால் கொடுப்பதில்லை. டப்பாவை மேசையில் அவர் பக்கமாக நகர்த்தி வைக்கிறேன். அவரே எடுத்துக்கொள்கிறார்.

ஜனவரி 16 முதல் வியாழக்கிழமையும் மூன்று வேளை சாப்பிடுகிறேன். ருசியாக இல்லை. ஆனால் சாப்பிடுகிறேன். விரதமே இல்லாததை எதற்கு இருக்க வேண்டும்?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முப்பத்து மூன்று வருடம். பிரசவம், காய்ச்சல், ஊர்ப் பயணம் எல்லாம் கழித்தாலும் ஆயிரத்து அறுநூறு வியாழனுக்குக் குறையாது. நீங்கள் படித்தவர். அந்த ஆயிரத்து அறுநூறு நாளும் நான் இருந்தது என்ன? அதற்குப் பதில் எழுதுங்கள். ஆபரேஷன் பேச்சை அதன்பிறகு பேசலாம். இந்த ஊரிலும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நோயாளியின் மனைவி
(உங்கள் படிவத்தில் அப்படித்தான் கையெழுத்து வாங்கினீர்கள்.)


பிப்ரவரி 17

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதுவும் நன்றாக வரவில்லை. இதற்குமேல் நாளைக் கடத்த முடியாது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனிடமும் இன்னும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறேன். இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒன்று கற்றுக்கொண்டேன்: மேசைக்கு வருகிறவரிடம் "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்கக் கூடாது. எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. டீ சாப்பாடு இல்லை, ஒரு பிஸ்கட் சாப்பாடு இல்லை, மாத்திரையோடு போன வாழைப்பழம் சாப்பாடு இல்லை. அதனால் நான் இப்படிக் கேட்பேன்: "காலையில எழுந்ததும் என்ன குடிச்சீங்க?" குடித்தது தெரிந்ததுபோலக் கேட்க வேண்டும். உடனே வந்துவிடும். "டீதாங்க, பாதிதான்." இதுவரை நூறு பேரையாவது மேசையிலிருந்து திருப்பி அனுப்பியிருப்பேன்.

அண்ணனுக்கு நான் மருந்து கொடுக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. கொடுத்தவள் எனக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஒரு பெண், கெட்டிக்காரி. நான் ஆபரேஷன் அறை வாசலில் நின்றேன். அண்ணனைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். அந்தப் பச்சை அங்கி அவருக்கு முழங்காலுக்கு மேலே நின்றது. என்னைப் பார்த்ததும் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் சரிதானே அண்ணே?" என்றேன். "சரிதான்மா" என்றார். அந்தப் பெண் என்னிடம், "மேடம், வெறும் வயிறுதானே, நீங்க கேட்டுட்டீங்கதானே?" என்றாள்.

"ம்" என்றேன்.

நான் கேட்கவில்லை, அண்ணி. முன்பின் தெரியாத நூறு பேரிடம் கேட்டதை என் அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "உங்க அண்ணி அரை டம்ளர் பால் கொடுத்தா" என்று சொல்லியிருப்பார். மத்தியானம் வரைக்கும் தள்ளிப்போட்டிருப்போம். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

வராந்தாவில் நான் கத்தியபோது எனக்கு அது தெரியும். யார்மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது. நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

இனி உங்கள் கேள்வி. எனக்கு விரதத்தில் நம்பிக்கை இல்லை. அம்மா இருந்தவரை அவளுக்கும் இது தெரியும், உங்களுக்கும் தெரியும். இப்போது உங்களைச் சமாதானப்படுத்த நம்பிக்கை வந்ததுபோல எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். எனக்குத் தெரிந்தது வயிறு. பால் உள்ளே போனதும் திரிந்து கட்டியாகிவிடும், காலியாக ஆறு மணி நேரம் ஆகும். தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். அது ஆபரேஷன் மேசைக்கு உண்டான கணக்கு. அதை எடுத்துக்கொண்டுபோய் உங்கள் வியாழக்கிழமைமீது வைத்தது என் தவறு. அந்த நாட்கள் என்ன என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பதுதான் என் நேர்மையான பதில். அவை ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

உடம்புக்கு நல்லதா என்றும் இப்போது ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் பாதி டாக்டர்கள் பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறார்கள். கடவுளுக்காக இல்லை, பெல்ட்டுக்காக. ஆய்வுகளைப் படித்துப் பார்த்தேன். சிலருக்கு எடை குறைகிறது, குறைவாகச் சாப்பிடும் எவருக்கும் குறைவதுபோல. அதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர்கள் கேன்டீனில் உட்கார்ந்து, காபியில் ஒரு ஸ்பூன் பால் விட்டால் விரதம் முறியுமா முறியாதா என்று சண்டை போட்டுக்கொள்வதை நீங்கள் பார்க்க வேண்டும். படித்தவர்கள்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நம் வீட்டு விரதம் அம்மா எடுத்தது. அம்மா தண்ணீரைக்கூடத் தொடாதவள். எச்சிலை விழுங்கினால்கூட முறைப்பாள். அதில் பால் எப்படி உள்ளே வந்தது? நீங்கள் வந்தபிறகுதான் வந்திருக்க வேண்டும். அம்மா எப்படிச் சம்மதித்தாள்?

அண்ணனிடம் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுவேன். சித்தியிடமும்.

உங்கள் நாத்தனார்
(இதை ஆஸ்பத்திரி ஆளாக எழுதவில்லை.)


பிப்ரவரி 26

பொடி,

உன்னை டாக்டர் என்று எழுத இரண்டு நிமிடம் யோசித்தேன். கை வரவில்லை, நீ பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோது கூப்பிட்ட பேரே வந்தது. சரி, போகட்டும்.

அந்த "ம்"மைப் பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டு மெஷினை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடச் சீருடை நூற்றிருபது செட் பாக்கி இருக்கிறது, ஆனாலும் நிறுத்திவிட்டேன். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது. அன்று முழுக்க இருந்தது. மறுநாள் ஒரு அம்மா பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்தாள். "அளவு எல்லாம் வேணாங்க, போன வருஷத்து அளவுதான், எம் புள்ளைய எனக்குத் தெரியாதா" என்றாள். நான் டேப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறான். சொந்தப் பிள்ளையை யார் அளந்து பார்க்கிறார்கள்? அப்போது உன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

ஆனால் உன் கடிதத்தில் எனக்குத் தாங்காத இடம் அது இல்லை. பால் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டிருக்கிறாயே, அதுதான்.

நிஜமாகவே மறந்துவிட்டாயா?

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். மகள் பிறந்து நாற்பது நாள். அத்தை சொன்னார், "தீட்டு, பிரசவம் எல்லாம் முடிஞ்சுபோச்சு, இந்த வியாழன்லேர்ந்து நீயும் எடுத்துக்கோ." தண்ணீர்கூடக் கிடையாது. மத்தியானம் குழந்தை கத்துகிறாள், எனக்குப் பால் சுரக்கவில்லை. சமையலறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தாய். உனக்குப் பதினாறு வயது. பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, அண்ணிக்குப் பால் குடுக்கலாம்மா. பால் சாப்பாட்டுல சேராது" என்றாய்.

அத்தை, "யார் சொன்னா?" என்றார்.

"புத்தகத்துல போட்டிருக்கு."

"எந்தப் புத்தகத்துல?"

நீ பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தாய். அத்தைக்கு வாசிக்கத் தெரியாத பாஷை. எதையோ ஒரு பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, மளமளவென்று வாசித்தாய். பிறகு அர்த்தம் சொன்னாய். "மென்னு தின்றதுதான் உணவு. பால் வெறும் பானம். வயித்துக்குள்ள போனதும் தண்ணியா மறைஞ்சுடும்." ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

நான் சுவரோரம் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தப் பாஷை அரைகுறைதான். ஆனால் படம் தெரிந்தது. பக்கம் முழுக்கத் தவளை. நாலு காலையும் விரித்துக் குண்டூசி குத்தி, வயிற்றைக் கிழித்து, உள்ளே இருப்பதற்கெல்லாம் கோடு போட்டுப் பேர் எழுதியிருந்தது.

அத்தை அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரி, புத்தகத்துலயே போட்டிருந்தா சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நீ பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்தாய். ஆடை கட்டியிருந்தது, அதைக்கூட எடுக்கத் தெரியவில்லை உனக்கு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடக்கிக்கொண்டு குடித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் என் தலைமாட்டில் ஒரு டம்ளர் பால் இருந்தது. நீ வைத்தாய் என்று நினைத்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அத்தைதான் வைத்திருந்தார். அவர் கடைசி வரைக்கும் தண்ணீர்கூட இல்லாமல்தான் இருந்தார், ஆனால் எனக்கு வைப்பதை விடவில்லை. அத்தைக்குத் தவளையைத் தெரியாதா, பொடி? எழுதியிருந்ததைத்தான் அவருக்கு வாசிக்க முடியாது. படத்துக்கு என்ன பாஷை?

அப்படித்தான் பால் உள்ளே வந்தது.

அந்தப் பாலால் என் விரதம் கெட்டுப்போனதாக நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பட்டினி கிடப்பவள்மீது இரக்கப்பட்டு இரண்டு பேர் கொடுத்தது எப்படிக் கெடுக்கும் என்று இருந்துவிட்டேன். வராந்தாவில் நீயே அதைச் சொன்னபோதுதான் ஆடிப்போனேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் போடி என்று விட்டிருப்பேன்.

அன்று காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி விடுதி அறையில் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை. அவர் முழித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "பசிக்குதா?" என்றேன். "பசியெல்லாம் இல்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது. பயமாயிருக்குடி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் பயம் என்று கேட்டதில்லை. என் கையில் டம்ளர் இருந்தது. அவருக்கு ஊற்றினேன். நீயும் அத்தையும் எனக்கு எதற்காகக் கொடுத்தீர்களோ, அதற்காகத்தான்.

இப்போது சொல். அந்த மார்ச் இருபது என்ன கிழமை? நாள்காட்டியில் பார்த்தேன். வியாழன். வேறு கிழமையே இல்லையா உங்கள் சர்ஜனுக்கு?

அண்ணி


மார்ச் 5

அண்ணி,

மறக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. மறந்துவிட்டேன். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகும் சுவரோரம் நீங்கள் உட்கார்ந்திருந்தது வரவில்லை. தவளை மட்டும் வந்தது. அந்தப் படத்தில் வயிற்றிலிருந்து போகும் கோடு கொஞ்சம் வளைந்திருக்கும், அச்சுப் பிழை. அது ஞாபகம் இருக்கிறது. உங்கள் முகம் இல்லை. இது என்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

வயிற்றுக்குள் போனதும் தண்ணீராக மறைந்துவிடும் என்று சொன்னேனா? நேர்மாறு. பால் கட்டியாகும் என்பதைத்தான் இப்போது மாணவர்களுக்கு வருடா வருடம் பாடமாக எடுக்கிறேன்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்மா" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது, எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அது பிடிக்காது அல்லவா, உடனே ஆபீஸ் பேச்சுக்குப் போய்விட்டார். "பார்சல் ரெண்டு மூணு கை மாறி வருது. எந்தக் கையில உடைஞ்சதுன்னு எங்க ஆபீஸ்ல இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்ல. உள்ள இருக்கிற சாமான் நல்லாயிருந்தா கையெழுத்துப் போட்டு வாங்கிக்க வேண்டியதுதான்" என்றார். சாமான் நன்றாகத்தான் இருக்கிறது போல.

சித்தியிடம் நேரில் போய்ச் சொன்னேன். மருமகள்கள் இருவரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். வராந்தாவில் யார் யார் இருந்தார்களோ அவர்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்று. சித்தி வெற்றிலைப் பெட்டியை மூடினார். "அப்போ ரெண்டு பேருமா சேர்ந்துதான் செஞ்சிருக்கீங்க" என்றார். நான், "ஆமா சித்தி, ரெண்டு பேருமாத்தான். இனிமே சொல்றதா இருந்தா ரெண்டு பேர் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றேன். சின்ன மருமகள் சிரித்துவிட்டாள். அந்த நர்ஸையும் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவள் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சுபாவமே அதுதான் போல.

சர்ஜனுக்குச் செவ்வாயும் வியாழனும்தான். செவ்வாய்க்கு மாற்றித் தரச் சொல்லவா? நீங்கள் சொன்னால் கேட்கிறேன். நானாக மாற்றவில்லை.

வருவதாக இருந்தால் இவ்வளவு செய்யுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு லேசாக ஏதாவது. அதன்பிறகு உணவு இல்லை, பால் இல்லை, பால் விட்ட எதுவும் இல்லை. வெறும் தண்ணீர் மட்டும் காலை ஆறு மணிவரை குடிக்கலாம். குடிக்கவும் வேண்டும். பயந்துகொண்டு அதையும் நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் நிறுத்துவீர்கள், அதனால் சொல்கிறேன். நாக்கு வறண்டு வருகிறவருக்கு ஊசி குத்த நரம்பு கிடைக்காது.

வாசலில் நான் நிற்பேன். இந்த முறை கூரையைப் பார்க்க மாட்டேன்.

மாத்திரை டப்பாவை நகர்த்தி வைப்பதை நிறுத்துங்கள். கையால் கொடுங்கள். இது டாக்டராகச் சொல்வது இல்லை.

பொடி


மார்ச் 20, காலை 6.20

பொடி,

விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். அதே அறை, அதே கட்டில். இதை உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஸ்டாம்ப் ஒட்டாத கடிதத்தைக் கொண்டுபோக மாட்டேன் என்று வம்பு செய்தார். பயம் வந்தால்தான் இப்படி விளையாடுவார்.

நான் வாசல்வரைக்கும் வரவில்லை. வந்தால் அவருக்குப் பதில் நான் சொல்லிவிடுவேன். நீ அவரிடம் கேள். அவர் சொல்வதும் இதில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

நேற்றுச் சாயங்காலம் 6.50: காய்கறி சூப் ஒரு கிண்ணம், ரொட்டி இரண்டு துண்டு. மூன்றாவது கேட்டார், கொடுக்கவில்லை.
இரவு 9: ரத்த அழுத்த மாத்திரை, தண்ணீரோடு. என் கையால் கொடுத்தேன்.
இன்று 5.00: முழித்தார். போன தடவை மாதிரியே உட்கார்ந்துகொண்டார். "பயமாயிருக்கா?" என்று நானே கேட்டேன். "ஆமா" என்றார். ஒன்றும் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.
5.40: தண்ணீர் அரை டம்ளர். வேண்டாம் என்றார். "உங்க தங்கச்சி எழுதியிருக்கா, குடிங்க" என்றேன். குடித்தார்.
அதன்பிறகு ஒன்றும் இல்லை.

வெறும் தண்ணீர்தானா என்று கேட்பாய். நானே குழாயில் பிடித்தேன்.

செவ்வாய்க்கு மாற்றவா என்று கேட்டிருந்தாய். நான் பதில் எழுதாமல் விட்டது வியாழனே இருக்கட்டும் என்றுதான். ஒன்பது வியாழக்கிழமை விட்டுப்போயிற்று. இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான் ஒன்றும் குடிக்கவில்லை. அவர் பார்க்க டம்ளரைத் தூக்க மனம் வரவில்லை. நல்ல சேதி வந்தபிறகு பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


மார்ச் 20, காலை 10.45

அண்ணி,

இதை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்த நர்ஸ்தான். நான் இன்னும் அரை மணி நேரம் அண்ணன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முடிந்தது. கல் மூன்று. சர்ஜன் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, மிளகு போல இருக்கிறது. அண்ணன் தானாக மூச்சு விடுகிறார். கண் திறந்தார். ஸ்டெதஸ்கோப் வைத்து நுரையீரலைக் கேட்டேன், இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கிறது. நான் கேட்டேன், பிறகு மருந்து கொடுத்த அந்தப் பெண் கேட்டாள், பிறகு மறுபடியும் நான் கேட்டேன்.

வாசலில் அவர் முகத்தைப் பார்த்து, "காலையில எழுந்ததும் என்ன குடிச்சீங்க?" என்றேன். முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோலவே கேட்டேன். "தண்ணிதாங்க டாக்டர், அரை டம்ளர். எங்க வீட்டம்மா குழாய்ல பிடிச்சுக் கொடுத்தாங்க" என்றார். அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். எல்லாம் ஒன்றாகவே இருந்தது, ஒன்றைத் தவிர. மூன்றாவது ரொட்டியில் பாதி கொடுத்தீர்கள் என்கிறார். ஏழு மணிக்கு முன்னால் என்பதால் விட்டுவிட்டேன்.

மணி பதினொன்றாகப் போகிறது. நீங்கள் இன்னும் ஒன்றும் குடித்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். கேன்டீனில் ஒரு டம்ளர் பால் சொல்லியிருக்கிறேன், ஆடை எடுத்து. இந்தக் கடிதத்தோடு வரும். குடியுங்கள்.

பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருக்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று கேட்டால், நான் வந்து காட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

பொடி